கோர்ட்டுக் கட்டோடு ஒரு படிப்பு: தாம்பரம் பக்கத்தவர்களுக்கு

'கோர்ட் அட்மினிஸ்ட்ரேஷன்' என்று பெயர்ப்பலகை மாட்டிய கல்லூரியைத் தேடிப் பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை அலைய வேண்டாம். இந்தப் படிப்பு நம் பக்கத்தில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஒரு துண்டு சைதாப்பேட்டையில், இன்னொன்று தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், மூன்றாவது தாம்பரம் கோர்ட்டின் பின்வரிசை பெஞ்சில். சேர்த்துத் தைப்பது உங்கள் வேலை. எதை முதலில் பிடிப்பது, எதற்குப் பணம் கட்டுவது, எதற்குக் கட்டக் கூடாது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1968-இல் வந்த ஒரு மத்தியச் சட்டம் போலீஸ்காரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்க வழி செய்தது. அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளில் குற்றவியல் நீதி ஒரு பெரிய துறையாக வளர்ந்ததற்கு அது முக்கியக் காரணம். கோர்ட்டை நிர்வகிப்பதே தனித் தொழில் என்று கருதி 1970-இல் அதற்கென ஒரு பயிற்சி நிறுவனமும் தொடங்கினார்கள். இங்கே சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் மூலம் வந்தது. மறு ஆண்டு சென்னையில் ஒன்று தொடங்கியது. இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவர். பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கும் வீட்டோடு நின்றுபோன பெண்களுக்கும் ஓராண்டில் ஒரு கைத்தொழில், கூடவே பேச்சுத்திறன், கணினி, ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி என்பதே அதன் அமைப்பு. நர்சிங் உதவியாளர், ஏ.சி. மெக்கானிக், மழலையர் பள்ளி ஆசிரியை போன்ற வேலைகளுக்கு அது பொருந்திப் போயிற்று. கோர்ட்டு வேலைக்கு அப்படிப் பொருந்தவில்லை. ஏ.சி. மெக்கானிக்கைக் கடைக்காரர் நேரே எடுத்துக்கொள்வார். கோர்ட்டு ஊழியரைத் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டாலே பாதிப் பணம் மிச்சம்.

உள்ளே யார் யார்

கோர்ட்டு என்றால் நீதிபதி, வக்கீல், போலீஸ் என்று மூன்று பேரோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த மேடைக்குப் பின்னால் ஒரு முழு அலுவலகம் இயங்குகிறது. தலைமையில் சிரஸ்தார் அல்லது தலைமை எழுத்தர். நீதிபதிக்கு அருகே உட்கார்ந்து கட்டுகளை எடுத்துக் கொடுத்து வாய்தா தேதி குறிப்பவர் பெஞ்ச் கிளார்க். சாட்சியத்தைத் தட்டச்சு செய்பவர்கள், நகல் பிரிவில் படிப்பவரும் சரிபார்ப்பவரும், பணத்தையும் சம்மன் பட்டுவாடாவையும் கவனிக்கும் நாசர் பிரிவு, வீடு வீடாகப் போய்ச் சம்மன் கொடுப்பவர், ஜப்திக்கும் சொத்தை ஒப்படைக்கவும் போகும் அமீனா, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலி என்று வரிசை நீள்கிறது.

இவர்களில் இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஆகியோரை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 மூலம் எடுக்கிறார்கள். அமீனா, சம்மன் சார்புசெய்பவர், நகல் பிரிவினர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் போன்ற பணிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றமே அறிவிப்பு வெளியிடுகிறது. 2024-இல் மாவட்ட நீதிமன்றங்களுக்காக 2,329 இடங்களுக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. அதில் பல பதவிகளுக்குப் பத்தாம் வகுப்பு போதும். அலுவலக உதவியாளருக்கு எட்டாம் வகுப்பு. முதுநிலை அமீனாவின் சம்பள விகிதம் 19,500-இல் தொடங்குகிறது. குரூப் 4-க்கு ஓடுகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த இரண்டாவது கதவு தெரிவதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு இப்போது தனி முக்கியத்துவம் உண்டு. 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2022 ஜனவரி 1-இல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் வந்தது. மக்களும் காவல் நிலையங்களும் பெருகினால் வழக்கும் பெருகும்; வழக்கு பெருகினால் கட்டுகளைச் சுமக்க ஆள் வேண்டும்.

ஒரு கட்டின் பயணம்

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், சேராவிட்டாலும், இதை மட்டும் விரல் நுனியில் வைத்திருங்கள். பாடப்புத்தகத்தில் பத்து அத்தியாயங்களாகப் பிரிந்து கிடப்பது உண்மையில் ஒரே காகிதக் கட்டின் நடைபயணம்.

சேலையூரில் ஒரு வீட்டில் நகை திருட்டு என்று வைத்துக்கொள்வோம். புகார் கொடுத்ததும் காவல் நிலையத்தில் கையில் தருவது பல சமயம் சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது எப்.ஐ.ஆர். அல்ல; புகார் வந்தது என்பதற்கான பதிவேட்டுச் சீட்டு. எப்.ஐ.ஆர். என்பது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் பதிவாவது. அது பதிவானதும் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கு உடனே போக வேண்டும். கொலை போன்ற வழக்குகளில் எத்தனை மணிக்குப் பதிவானது, எத்தனை மணிக்கு நடுவர் கைக்கு வந்தது என்பதை வைத்தே வக்கீல்கள் குறுக்கு விசாரணையில் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். ஆகவே அதை வாங்கி நேரம் எழுதிக் கையெழுத்துப் பெற்று வைக்கும் ஊழியரின் ஒரு வரிக்கு எத்தனை கனம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அங்கே அவரைக் காவலில் வைக்க உத்தரவிடுவதுதான் ரிமாண்ட். அன்றிலிருந்து நாள் எண்ணிக்கை தொடங்குகிறது. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 நாளுக்குள் அல்லது 90 நாளுக்குள் போலீஸ் இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்யாவிட்டால், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கேட்டு ஜாமீன்தாரையும் கொடுத்தால் ஜாமீன் தந்தே ஆக வேண்டும். அதனால் அறிக்கை 60-ஆம் நாள் வந்ததா, 61-ஆம் நாள் வந்ததா என்பதில் ஒரு மனிதனின் சிறைவாசம் தொங்குகிறது. அந்தத் தேதி முத்திரையைக் குத்துவது நீதிபதி அல்ல, அலுவலகத்தில் இருக்கும் எழுத்தர்.

அறிக்கை வந்ததும் சரிபார்ப்பார்கள். குறை இருந்தால் ரிட்டர்ன். சரியாக இருந்தால் நம்பர் ஆகும். நம்பரில் ஒரு மொழி இருக்கிறது. சி.சி. என்றால் நடுவரே விசாரிக்கும் வழக்கு, எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணை, பி.ஆர்.சி. என்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பப்படக் காத்திருப்பது. அங்கே போய்ச் சேர்ந்ததும் அது எஸ்.சி. ஆகிவிடும். முதல் வகுப்பு நடுவர் மூன்றாண்டு சிறை, 50,000 ரூபாய் அபராதம் வரைதான் தண்டனை கொடுக்கலாம். அதனால்தான் கொலை வழக்கு தாம்பரத்தில் தொடங்கினாலும் விசாரணைக்குச் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகிறது. தீர்ப்பைத் தமிழில் படிக்கும்போது அ.சா.1 என்று வந்தால் அரசுத் தரப்பு முதல் சாட்சி, அ.சா.ஆ.1 என்றால் அத்தரப்பின் முதல் ஆவணம், சா.பொ.1 என்றால் மேஜைமேல் வைக்கப்பட்ட பொருள், நம் திருட்டு வழக்கில் அந்த நகை.

இதற்கு மேல் ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாளம் உண்டு. மாநிலத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்தில் தொடங்கி ஆண்டில் முடியும். 2007-இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இ-கோர்ட்ஸ் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, ஊரில் யாருக்காவது வழக்கு இருந்தால் அதன் எண்ணைப் போட்டு வாய்தா வரலாற்றைப் படித்துப் பாருங்கள். காசு செலவில்லாத பாடம்.

புதுச் சட்டங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவிசாரணை முறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய் 358, 531, 170 பிரிவுகள் கொண்ட மூன்று புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். இன்னும் பல ஆண்டுகளுக்கு ஒரே அலமாரியில் 302-உம் 103-உம், 420-உம் 318-உம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டு எண்களையும் எதிரெதிரே எழுதிய ஒரு நோட்டு நீங்களே தயாரியுங்கள். கடையில் விற்கும் அட்டவணையை வாங்குவதைவிட நீங்களே எழுதினால்தான் மனதில் ஏறும்.

எங்கே சேர்வது

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையில் இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். 2002-இல் மாநிலச் சட்டத்தால் உருவான இது, குற்றவியல் மற்றும் குற்றவியல் நீதி நிர்வாகத்தில் பி.ஏ. நடத்துகிறது. நாம் தேடும் படிப்புக்குப் பெயரளவில் மிக அருகில் வருவது இதுதான். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படிக்க நினைப்பவர்களுக்கும் ஏற்றது.

ஆனால் ஒரு நிபந்தனையைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்பும் +2-வும் முறையாக முடித்த பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டம்தான் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-இல் அரசாணை வந்திருக்கிறது. +2 எழுதாமல் நேரே பட்டம் வாங்கினால் அந்தப் பட்டம் அறிவைத் தரும், அரசு வேலையைத் தராது. +2 விட்டுப்போயிருந்தால் முதலில் தனித்தேர்வராக அதை முடியுங்கள். கூடவே இன்னொன்று: எந்த மொழியில் படித்தீர்கள் என்பதற்குச் சான்று வாங்கி வையுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளி முதல் தமிழ் வழி என்று காட்ட வேண்டும். பள்ளியிலும் கல்லூரியிலும் சான்று வாங்க அலைவது தேர்வுக்குப் படிப்பதைவிடச் சள்ளை பிடித்த வேலை. முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது.

இக்னோவில் சட்ட உதவியாளர் பணிக்கான பட்டயம் ஒன்றும், பட்டதாரிகளுக்குக் குற்றவியல் நீதியில் முதுநிலைப் பட்டயம் ஒன்றும் இருக்கின்றன. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவு குற்றவியல் சட்டம், குற்றவியல், தடய மருத்துவம் மூன்றையும் சேர்த்து முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. வேலையில் இருக்கும் போலீஸ்காரர்களுக்கும் வக்கீல் குமாஸ்தாக்களுக்கும் இவை பயன்படும். பட்டம் முடித்துச் சும்மா இருப்பவருக்கு இன்னொரு சான்றிதழ் சேரும், அவ்வளவே.

தனியார் நிறுவனம் ஏதாவது 'பாராலீகல் டிப்ளமோ, கோர்ட்டில் வேலை உறுதி' என்று நோட்டீஸ் கொடுத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கும்? வேலையை எந்த அறிவிப்பின் கீழ் தருவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில் இருக்க முடியாது. கோர்ட்டு வேலையை யாராலும் உறுதியாகக் கொடுக்க முடியாது. தேர்வு எழுதித்தான் போக வேண்டும்.

கைவிரலுக்கும் வேலை

என்னைக் கேட்டால், பி.ஏ.-வுக்கு விண்ணப்பிக்கும் அதே வாரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேருங்கள் என்பேன். கோர்ட்டுப் படிப்பு என்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நீதிமன்றத்துக்குள் நேராக அழைத்துப் போகும் சான்றிதழ் இதுதான். தொழில்நுட்பக் கல்வித் துறை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசுத் தேர்வு நடத்துகிறது. ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. குரூப் 4 தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டும். இரண்டிலும் முதுநிலை முடித்தவருக்கு முன்னுரிமை. ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் இருந்தால் அடுத்த வரிசை. அதோடு கணினியில் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் தேர்வையும் எழுதிவிடுங்கள்.

சுருக்கெழுத்து கற்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கஷ்டமான கலை, பொறுமை வேண்டும். கற்றுக்கொண்டவருக்குப் போட்டி குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். நீதிபதி தீர்ப்பைச் சொல்லச் சொல்ல எடுத்து எழுதுபவர் சுருக்கெழுத்தர்தான். தமிழ்ச் சுருக்கெழுத்து தெரிந்தவரென்றால் மாவட்ட நீதிமன்றங்களில் மதிப்பு இன்னும் கூடுதல். கீழமை நீதிமன்றங்களில் தமிழைக் கொண்டுவருவதற்காக ஆட்சிமொழிச் சட்டத்தை 1976-இலேயே திருத்திவிட்டார்கள்.

பின்வரிசையில் உட்காருங்கள்

குற்றவியல் நீதிமன்றம் திறந்த நீதிமன்றம். இடம் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். பாலியல் வன்முறை, போக்சோ வழக்குகள் மட்டும் மூடிய அறையில் நடக்கும். மற்றவற்றுக்கு உங்களைத் தடுக்க மாட்டார்கள். காலை பத்தரைக்குள் போய்விடுங்கள். கைப்பேசியை அணைத்து வையுங்கள். படம் எடுக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ கூடாது. கால்மேல் கால் போடாமல் உட்கார்ந்து, நீதிபதி வரும்போது எழுந்து நின்றால் போதும். இரண்டு மூன்று பேராகப் போவதென்றால் தலைமை எழுத்தரிடம் மாணவர்கள் என்று சொல்லிவிடுவது நல்லது.

முதல் நாள் ஒன்றும் விளங்காது. டவாலி மூன்று முறை பெயர் கூப்பிடுவார், யாராவது ஓடி வருவார், ஒரு தேதி சொல்வார்கள், போய்விடுவார். ஒரு மணி நேரத்தில் ஐம்பது கட்டு நகர்ந்துவிடும். ஏன் இவ்வளவு வாய்தா என்று எரிச்சல் வரும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் காரணத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள்: சாட்சி வரவில்லை, பிடிவாரண்ட் நிறைவேறவில்லை, ஆய்வக அறிக்கை வரவில்லை, வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார், கைதியை அழைத்துவரக் காவலர் இல்லை. சில வாரம் கழித்து அந்தக் குறிப்பைப் படித்தால் 'வழக்குத் தேக்கம்' பற்றி எந்தப் பாடநூலும் சொல்லாதது உங்கள் கையில் இருக்கும். நீதிமன்ற நிர்வாகம் என்பது கடைசியில் இந்தக் காரணங்களைக் குறைக்கும் வித்தைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமையில் நடக்கும் தேசிய மக்கள் நீதிமன்றத்தையும் போய்ப் பாருங்கள். அங்கே சத்தம் வேறு, வேகம் வேறு.

பார்ப்பதைத் தாண்டிச் செய்ய விரும்பினால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலராக விண்ணப்பிக்கலாம். தேசிய ஆணைக்குழு 2009-இல் வகுத்த திட்டம் இது. பத்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும். பயிற்சி கொடுத்து அடையாள அட்டை தருவார்கள்; வேலை செய்யும் நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. இது அரசு வேலை அல்ல, நிரந்தரமும் ஆகாது. ஆனால் பணமில்லாதவருக்கு வக்கீல் வாங்கிக் கொடுப்பது, முதியவருக்கு மனு எழுதிக் கொடுப்பது, சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்கு வாய்தா தேதி சொல்வது என்று நீங்கள் செய்யும் ஒவ்வொன்றும் பாடம். 15100 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்கலாம். இதற்கு அடுத்தபடி நல்ல பள்ளிக்கூடம் வக்கீல் குமாஸ்தா வேலை. சம்பளம் குறைவு. ஆனால் மனு எதற்கு ரிட்டர்ன் ஆனது, எந்த மேஜையில் தூங்குகிறது என்று நல்ல குமாஸ்தாவுக்குத் தெரிவது இளம் வக்கீலுக்குத் தெரியாது.

பெரிய நாற்காலிகள்

எம்.பி.ஏ. முடித்தவர்களுக்கு நீதிமன்ற மேலாளர் என்ற பதவி உண்டு. 13-ஆவது நிதிக்குழு 2010-இல் நீதித்துறைக்கு ஒதுக்கிய 5,000 கோடியில் 300 கோடி இதற்காகவே. நிதிக்குழுவின் காலம் முடிந்ததும் பல மாநிலங்களில் பதவி அந்தரத்தில் தொங்கியது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், அவர்களுக்கான பணிவிதிகளை வகுக்கும்படி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. இதை நம்பி மட்டும் எம்.பி.ஏ. சேர வேண்டாம், ஏற்கெனவே முடித்தவர்கள் உயர் நீதிமன்ற அறிவிப்புகளைக் கவனித்துவரலாம்.

போலீஸ் பக்கம் போக விரும்புபவருக்கு இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், சார்பு ஆய்வாளர் தேர்வுகளைச் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்துகிறது. குற்றவியல் பட்டம் இதற்குக் கட்டாயம் இல்லை. சார்பு ஆய்வாளருக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். நம் பக்கத்திலேயே வண்டலூரை ஒட்டி ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம் இருக்கிறது. அதற்குள் போக முதலில் இந்தத் தேர்வுகளைத் தாண்ட வேண்டும்.

வக்கீலாகவோ நீதிபதியாகவோ ஆவதுதான் ஆசை என்றால் மேலே சொன்ன குறுக்குப் பாதைகளில் காலம் கடத்த வேண்டாம். வக்கீலாகப் பதிவு செய்யத் தகுந்த சட்டப் பட்டத்தை அஞ்சல் வழியில் வாங்க முடியாது. பார் கவுன்சில் ஏற்காது. +2-வுக்குப் பின் ஐந்தாண்டு, அல்லது பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு, தினசரி வகுப்புக்குப் போயே தீர வேண்டும். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் புதுப்பாக்கத்திலும், ரயிலில் போகும் தூரத்தில் செங்கல்பட்டிலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்திருக்கிறது. அரசு உதவி வழக்கறிஞர் தேர்வுக்கோ ஐந்தாண்டு. இன்று +2 முடித்த பிள்ளை நீதிபதி நாற்காலியை எட்டக் குறைந்தது எட்டு ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.